நர்ஸுகளின் பணிச்சோர்வும் அதைப் போக்கும் வழியும்

நள்ளிரவு வேளை. 40 படுக்கைகள் கொண்ட ஒரு வார்டில் ஒரே நர்ஸ் பணியிலிருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு கோடியில் குளுகோஸ் பாட்டில் தீர்ந்துகொண்டிருக்கிறது. மறுகோடியில் ஆபரேஷனான நோயாளி வலி தாளாமல் அரற்றுகிறார். இவற்றினிடையே, புதிதாக வந்து சேர்ந்தவரின் விவரங்களையும் பதிவேட்டில் எழுதியாக வேண்டும். பொழுது விடிந்ததும் உறவினர் ஒருவர் ஏதோ கேட்க, நர்ஸ் வெடுக்கென்று பதில் கூறிவிடுகிறார். இவருக்கு இரக்கமே இல்லை என்று உறவினர் மனம் நோகிறார். குற்றம் உண்மையில் யாருடையது?

பிறர் துன்பம் துடைக்கும் தொழிலில் ஈடுபட்டோர் நாளடைவில் ஊக்கம் வற்றி ஓய்ந்துபோவதை 1974-ல் அமெரிக்க மனோதத்துவ நிபுணர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் ஒரு கட்டுரையில் விவரித்தார். இந்நிலையை அளப்பதற்கான வினாத்தொகுதி ஒன்றை 1981-ல் கிறிஸ்டினா மாஸ்லாக், சூசன் ஜாக்ஸன் ஆகிய இருவரும் வெளியிட்டனர். பணிச்சோர்வு எனத் தக்க இந்நிலைக்கு அடையாளங்கள் மூன்று: உள்ளம் களைத்துப்போதல், நோயாளியை மனிதராக அன்றி வெறும் படுக்கை எண்ணாகக் காணத் தொடங்குதல், தம் உழைப்பால் பயனில்லை என்று எண்ணுதல். இது ஓர் இரவு உறங்கி எழுந்தால் நீங்கிவிடும் அசதியன்று. உலக சுகாதார ஸ்தாபனமும் 2019-ல் இதை ஒரு நோயாகக் கருதாமல், பணியிடத்து நெருக்கடி சரிவரச் சமாளிக்கப்படாமல் நீடிப்பதன் விளைவு என்றே வகைப்படுத்தியது.

ஆகவே, நர்ஸின் குணத்தைக் குறைகூறுவதை விடுத்துப் பணியிடத்தை ஆராய்வதே முறை. அமெரிக்காவின் பென்ஸில்வேனியா ராஜ்யத்தில் 168 ஆஸ்பத்திரிகளைப்பற்றி லிண்டா ஐக்கன் குழுவினர் நடத்திய ஆராய்ச்சி 2002-ல் வெளியாயிற்று. 10,000-க்கு மேற்பட்ட நர்ஸுகளும், 2,30,000-க்கு மேற்பட்ட ஆபரேஷன் நோயாளிகளும் அதில் இடம்பெற்றனர். ஒரு நர்ஸின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடுந்தோறும், நர்ஸ் பணிச்சோர்வுக்கு ஆளாகும் வாய்ப்பு 23 சதவிகிதமும், நோயாளி 30 நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவிகிதமும் அதிகரித்துக் காணப்பட்டன. நர்ஸின் நலமும் நோயாளியின் உயிரும் எவ்வளவு நெருங்கிய தொடர்புடையவை என்பது இதனால் விளங்கும்.

கலிபோர்னியாவில் 1999-ல் இயற்றப்பட்ட சட்டத்தின்கீழ், 2004 முதல் ஒரு நர்ஸ் கவனிக்கவேண்டிய நோயாளிகளின் எண்ணிக்கைக்கு வரம்பு விதிக்கப்பட்டது. பொது வார்டுகளில் இது 2005 முதல் 5 ஆகும். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து ராஜ்யமும் 2016-ல் சர்க்கார் ஆஸ்பத்திரிகள் பலவற்றில் பகலில் 4, இரவில் 7 என வரம்பு வகுத்தது. அங்கே நோயாளிகள் ஆஸ்பத்திரியில் தங்கும் நாட்களும், வீடு சென்றபின் மீண்டும் வந்து சேர்வதும் குறைந்தன. இவற்றால் மிச்சமான தொகை, கூடுதல் நர்ஸுகளுக்கு ஆன செலவைப்போல் இருமடங்குக்கும் மேல் என்று 2021-ல் வெளியான ஆராய்ச்சி கூறுகிறது.

எண்ணிக்கை மட்டும் போதுமா? அமெரிக்காவில் நர்ஸுகளுக்குப் பெரும் பஞ்சம் நிலவிய காலத்திலும், சில ஆஸ்பத்திரிகளைவிட்டு அவர்கள் விலகாதிருந்தனர். அத்தகைய 41 ஆஸ்பத்திரிகளைப்பற்றிய ஆய்வு 1983-ல் வெளிவந்தது. அங்கெல்லாம் நர்ஸுகளின் தலைவர் நிர்வாகக் குழுவில் இடம்பெற்றிருந்தார். வார்டின் அன்றாட ஏற்பாடுகளை நர்ஸுகளே கலந்து முடிவு செய்தனர். மேற்படிப்புக்கும் ஆதரவு கிடைத்தது. பொறுப்பைச் சுமப்பவருக்கு அதற்கேற்ற அதிகாரமும், தேவையான தகவலும், சாதனங்களும் கிடைத்தால் சோர்வு குறைகிறது என்பதைக் கனடாவில் ஹெதர் லாஷிங்கர் செய்த ஆராய்ச்சிகளும் எடுத்துக்காட்டின.

நம் நாட்டில், போதனா ஆஸ்பத்திரிகளின் பொது வார்டுகளுக்கு இந்திய நர்ஸிங் கவுன்சில் வகுத்த அளவு 3 படுக்கைகளுக்கு 1 நர்ஸ் என்பதாகும். இது நாளின் மூன்று முறைகளுக்கும் சேர்த்துச் சொல்லப்பட்ட கணக்கு. ஆகையால் ஒரு முறையில் 9 நோயாளிகள் ஒருவர் பொறுப்பில் வருவர். விடுப்பில் செல்வோருக்கு ஈடாக 30 சதவிகிதம் கூடுதலாக நியமிக்கப்படாவிடில் இவ்வளவும் நிலைக்காது. தனியார் ஆஸ்பத்திரி நர்ஸுகளின் ஊதியம், பணிநிலை ஆகியவற்றை ஆராயக் குழு அமைக்குமாறு சுப்ரீம் கோர்ட் 2016-ல் மத்திய சர்க்காருக்குக் கட்டளையிட்டது. 200 படுக்கைகளுக்கு மேற்பட்ட தனியார் ஆஸ்பத்திரிகளில் சர்க்கார் நர்ஸுகளுக்கு இணையான ஊதியம் தரவேண்டுமென அக்குழு பரிந்துரைத்தது.

புதிய நியமனங்களுக்குக் காலமும் பணமும் வேண்டும். ஆனால், பணிமுறைப் பட்டியலை முன்கூட்டியே அறிவித்தல், இரவுப் பணிக்குப்பின் தவறாது ஓய்வளித்தல், துணிக்கணக்கு எழுதுதல் போன்ற வேலைகளைப் பிறரிடம் ஒப்படைத்தல், குறைகளை அச்சமின்றிக் கூறுவதற்கு மாதம் ஒரு கூட்டம் நடத்துதல் ஆகியவற்றிற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. ஆரம்ப சுகாதார நிலையங்களில் பணிபுரிவோரும் இவற்றைத் தம் இடத்திலேயே தொடங்கலாம்.

அந்த 40 படுக்கை வார்டில் இன்னுமொரு நர்ஸ் இருந்து, அங்குள்ள ஏற்பாடுகளைப்பற்றி அவ்விருவரின் சொல்லுக்கும் மதிப்பிருந்திருந்தால், காலையில் உறவினர் கேட்ட கேள்விக்குப் பொறுமையான பதில் கிடைத்திருக்கும். இரக்கம் வற்றாதிருக்க வேண்டுமானால், இரக்கம் காட்டுவோருக்கு ஓய்வும் உரிமையும் அளித்தாக வேண்டும்.