போதைக்கு அடிமை ஆவது பரம்பரையா?

இரட்டைப் பிள்ளைகள் காட்டிய உண்மை

இரண்டு பேர் ஒரே போதைப் பொருளைத் தொடுகிறார்கள். ஒருவர் சில நாளில் விட்டுவிடுகிறார். மற்றவர் அதற்கே அடிமை ஆகிவிடுகிறார்!

ஏன் இந்த வித்தியாசம்?

இதற்கு விடை காண உதவியது, வியட்நாம் யுத்தம்.

அங்கே போரிட்ட அமெரிக்கச் சிப்பாய்களுக்கு "ஹெராயின்" தாராளமாகக் கிடைத்தது. அபினியில் இருந்து தயாராகும் கொடிய போதைப் பொருள் இது. 1971-ம் ஆண்டு செப்டம்பரில் நாடு திரும்பிய சிப்பாய்களை, லீ ராபின்ஸ் என்ற அம்மையார் ஆராய்ந்தார். வியட்நாமில் இருந்தபோது, சுமார் ஐந்தில் ஒருவர் அடிமையாகி இருந்தது தெரிந்தது.

அவர்கள் கதி என்ன? ஊர் திரும்பிய முதல் ஆண்டில், அவர்களில் மறுபடியும் அடிமை ஆனவர்கள் 100-க்குச் சுமார் 5 பேர்தான்!

சூழ்நிலை மாறியதும் பெரும்பாலோர் தப்பிவிட்டார்கள். அப்படியானால், பரம்பரைக்குப் பங்கே இல்லையா?

உண்டு!

இரட்டையர் சோதனை

அதே யுத்த காலத்தில் ராணுவத்தில் இருந்த இரட்டையர்களை, டாக்டர் மிங் சுவாங்கும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்தார்கள். 3 ஆயிரத்துக்கும் அதிகமான ஜோடிகள்! முடிவு 1998-ல் வெளிவந்தது.

இரட்டையரில் இரண்டு வகை உண்டு. அச்சில் வார்த்ததுபோல இருப்பவர்களுக்கு, பெற்றோரிடம் இருந்து வரும் "ஜீன்"கள் ஒன்றுபோலவே இருக்கும். மற்ற இரட்டையர், சாதாரண அண்ணன்-தம்பி மாதிரிதான்.

ஹெராயின் பழக்கத்தில், முதல் வகை ஜோடிகளிடமே அதிக ஒற்றுமை காணப்பட்டது. இதில் பரம்பரைக்கும் பங்கு உண்டு என்பது தெளிவாயிற்று.

பூட்டும் சாவியும்

நமது மூளையில் பூட்டுப் போன்ற நுண்ணிய அமைப்புகள் உள்ளன. அபினிச் சத்து, சாவிபோல அதில் பொருந்துகிறது. உடனே வலி குறைகிறது. மயக்கம் தரும் சுகம் வருகிறது.

அந்தப் பூட்டு எப்படி அமைய வேண்டும் என்பது ஜீனில் எழுதி இருக்கிறது. சிலருக்கு அதில் ஒரே ஓர் எழுத்து மாறி இருக்கும். இதுபோன்ற சின்னஞ்சிறு மாறுதல்கள் பல சேர்ந்து, ஆபத்தைக் கூட்டலாம், குறைக்கலாம்.

தலைவிதி அல்ல

தகப்பனார் அடிமை என்றால், மகனும் அப்படித்தான் ஆவானா?

கட்டாயம் இல்லை! போதையைத் தொடாதவனை எந்த ஜீனும் அடிமை ஆக்காது. ஆனால், அவன் மற்றவர்களைவிட ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். ஆபரேஷனுக்காக வலி மருந்து கொடுக்கும்போது, "எங்கள் குடும்பத்தில் இந்தப் பழக்கம் உண்டு" என்று டாக்டரிடம் கூச்சப்படாமல் சொல்லிவிட வேண்டும்.

சிக்கிக்கொண்டவரை, "மன உறுதி இல்லாதவன்" என்று ஏசிப் பயன் இல்லை. பழக்கத்தில் இருந்து மீட்க மெதடோன், பூப்ரெனார்பின் போன்ற மருந்துகள் இருக்கின்றன.

ஏசுவதை விட்டு, ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள்!