கொழுந்துக் கூடையும் மூளைப் படமும்

தேயிலைக் கொழுந்துக் கூடையின் கயிற்றை உச்சந்தலையில் மாட்டிக்கொண்டுதான் ஹட்டன், நுவரெலியா மலைகளில் பெண்கள் கொழுந்தெடுத்தார்கள். மழைநாளில் கால் வழுக்கினால், தலை கல்லில் மோதுவதும் உண்டு.

அடிபட்டவருக்கு முதலில் சீ.டி. ஸ்கேன், எலும்பு முறிவும் புதிய இரத்தக் கசிவும் சில நிமிடங்களில் தெரிந்துவிடும். அதில் ஒன்றுமில்லை என்று வந்த பிறகும் மறதியும் தலைச்சுற்றலும் தீராவிட்டால் எம்.ஆர்.ஐ. தேவைப்படலாம். இதில் எக்ஸ்ரே கிடையாது. வழக்கமான 1.5 டெஸ்லா காந்தம் பூமியின் காந்தப்புலத்தைவிட 30,000 மடங்குக்கும் மேல் வலுவானது. மூளையிலுள்ள நீரின் ஐதரசன் அணுக்கருக்கள் அதற்குள் ஒழுங்குபடுகின்றன. வானொலி அலை பட்டதும் அவை திருப்பித் தரும் சமிக்ஞையே படமாகிறது. பழைய கசிவில் தங்கிய இரும்பு சுற்றியுள்ள காந்தப்புலத்தைக் குலைப்பதால், கடுகளவு திட்டுக்கூடக் கரும்புள்ளியாகத் தெரியும். நரம்பிழைகள் அறுந்திருக்கலாம் என்பதற்கு அது ஒரு தடயம். இந்தப் படமுறைக்காக போல் லோட்டர்பரும் பீட்டர் மான்ஸ்ஃபீல்டும் 2003இல் நோபல் பரிசு பெற்றனர்.

மூக்குத்தி, தாலி, கொலுசு எல்லாவற்றையும் கழற்றிவிட்டே எம்.ஆர்.ஐ. அறைக்குள் போகவேண்டும். தாலியைக் கழற்றத் தயங்கும் அம்மாமார் அதுவரை வெறும் மஞ்சள் கயிறு கட்டிக்கொள்ளலாம். நூல் காந்தத்துக்கு ஒரு பொருட்டல்ல. உடம்புக்குள் இரும்புத்துண்டோ இதயமுடுக்கியோ இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சத்தம் பலமாக இருக்கும், காதடைப்பான் தருவார்கள்.