உணவிற் பிறக்கும் நஞ்சும் அதனைக் காணும் முறைகளும்

கெட்ட உணவு கெட்டதாகவே தோன்றும் என்பது பொதுமக்கள் நம்பிக்கை. மணமும் நிறமும் மாறியதை விலக்குகின்றோம். ஐயம் எழுந்தால் மீண்டுங் கொதிக்கவைத்து உண்கின்றோம். கொதியிற் கிருமி மடியும் என்பது உண்மையே. ஆயின் அக்கிருமி முன்னரே உணவிற் கலந்துவிட்ட நஞ்சு பலவேளைகளில் அதனோடு அழிவதில்லை. ஆதலாற் கிருமியைத் தேடுஞ் சோதனை வேறு, நஞ்சைத் தேடுஞ் சோதனை வேறு. இவ்வேறுபாட்டை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலிற் காங்கேசன்துறைக் கரையில் இறங்கும் மீனை நோக்குவாம். சூரை, கும்பளா முதலிய மீன்களின் தசையில் இசுற்றிடீன் என்னும் அமினோவமிலம் மிகுதியாக உண்டு. பிடித்த மீன் பனிக்கட்டியின்றி வெப்பத்திற் கிடப்பின், சிலவகைப் பற்றீரியாக்கள் அதனை இசுற்றமீன் என்னும் பொருளாக மாற்றுகின்றன. அம்மீனை உண்டவர்க்குச் சிறிது நேரத்துள் முகஞ் சிவக்கும். தலையிடியும் உடற்கடியும் தோன்றும். நம்மவர் 'சூரை கிரந்தி' என்று கூறி மீனைப் பழிப்பர். பலவேளைகளிற் குற்றம் மீனினுடையதன்று. பனிக்கட்டியின்றிக் கழிந்த நாழிகைகளினுடையது. குழம்பு எவ்வளவு கொதித்தாலும் இசுற்றமீன் அழியாது. இதனாலேயே ஐரோப்பிய ஒன்றியம் இத்தகைய மீன்களின் ஒவ்வொரு தொகுதியிலும் 9 மாதிரிகளைச் சோதிக்கும்படி விதித்துள்ளது. அவற்றின் சராசரி கிலோவொன்றுக்கு 100 மில்லிகிராமையும், தனியொரு மாதிரி 200 மில்லிகிராமையும் விஞ்சலாகாது.

இனி, பற்றீரியா தானே ஆக்கும் புரதநஞ்சைக் காண்பாம். மனிதரின் மூக்கிலும் தோற்புண்ணிலும் வாழும் ஸ்ரபிலோகொக்கசு, சமைத்தவர் கைவழியே பாலுணவையும் இறைச்சியையும் அடைகின்றது. உணவு பல மணிநேரம் இளஞ்சூட்டிற் கிடந்தால் அது பெருகி நஞ்சை ஆக்கும். அரைமணி நேரங் கொதித்த பின்னரும் அந்நஞ்சு வலிமை குன்றாதிருத்தல் கூடும். ஒரு கிராமின் பத்திலட்சத்திலொரு பங்கினும் குறைந்த அளவே வாந்தியை விளைக்கப் போதுமானது.

இவ்வுண்மை எளிதிற் பெறப்பட்டதன்று. பிலிப்பைன்சு தீவுகளில் பார்பர் என்னும் ஆராய்ச்சியாளர், மடிநோயுற்ற பசுவின் பாலைத் தாமே அருந்தி நோயுற்று, 1914 ஆம் ஆண்டில் அக்கிருமியைக் காரணமெனக் காட்டினார். 1930 இற் சிக்காகோவில் டாக் என்பவர், வடிகட்டியாற் கிருமியை நீக்கிய வளர்ப்புத் திரவத்தைத் தொண்டர்களுக்குக் கொடுத்து, கிருமியின்றியும் நோய் தோன்றுமென நிறுவினார். நம் அயலிலே கல்கத்தாவில் சம்பு நாத் டே, முயலின் சிறுகுடற் பகுதியைக் கட்டிச் சோதிக்கும் முறையை 1953 இல் வெளியிட்டார்; 1959 இல், கிருமி நீக்கிய வாந்திபேதி வளர்ப்புத் திரவமும் அக்குடலிலே நீரைப் பெருக்கும் எனக் காட்டினார். வேறு பற்றீரியாக்களின் குடல்நஞ்சுகளை அறியவும் அம்முறை பின்னர் உதவிற்று.

விலங்குகளின் இடத்தைப் பின்னர்ப் பிறபொருளெதிரிகள் பெற்றன. சர்வதேச நியம நிறுவனம் 2017 இல் வெளியிட்ட 19020 ஆம் இலக்க முறையின்படி, உணவை நீருடன் அரைத்து, அமிலத்தால் வேண்டாப் புரதங்களை வீழ்த்தி, எஞ்சிய சாற்றைச் செறிவாக்குவர். நஞ்சைப் பற்றும் பிறபொருளெதிரி பூசிய குழியில் அச்சாறு இடப்படும். பற்றிய நஞ்சின்மேல், நொதியம் இணைந்த இரண்டாம் பிறபொருளெதிரி படியும். நொதியம் தோற்றுவிக்கும் நிறமே நஞ்சின் சான்று. எனினும் இம்முறை ஐந்து வகைகளையே தேடுகின்றது. அறியப்பட்ட வகைகளோ இருபதினும் மேற்பட்டவை. ஆதலால் 'காணப்படவில்லை' என்னும் அறிக்கை 'இல்லை' என்று பொருள்படாது. நஞ்சுக்குரிய பரம்பரையலகைக் காணுஞ் சோதனையும், கிருமி நஞ்சாக்க வல்லது என்று சொல்லுமேயன்றி, ஆக்கியது என்று சொல்லாது.

சோற்றிற் பிறக்கும் நஞ்சு இன்னுங் கடியது. பசிலசு சீரியசு என்னும் பற்றீரியாவின் வித்திகள் சோறு வேகும்போதும் மடிவதில்லை. பெரிய கிடாரத்திற் சோறு மெல்ல ஆறும்போது முளைத்துச் சீரியூலைடு என்னும் நஞ்சை ஆக்கவல்லவை. அது 121 பாகை செல்சியசு வெப்பத்தையுந் தாங்கும். மிகச் சிறிய மூலக்கூறாதலின் வழக்கமான பிறபொருளெதிரிச் சோதனைக்கு அகப்படாது. திணிவு நிறமாலைமானியால் நிறுத்தே அறிதல் வேண்டும். அதற்கான சர்வதேச நியமமும் 2017 இலேயே வெளிவந்தது.

ஆடியமாவாசைக்குக் கீரிமலையிற் கூடுவோர் போன்ற பெருந்திரளுக்கு உணவளிப்போர் இவற்றைக் கருத்திற் கொள்ளல் வேண்டும். சோற்றைச் சூடாகவே பரிமாறுக. எஞ்சியதை அகன்ற தட்டுக்களிற் பரப்பி விரைந்து ஆற்றிக் குளிரூட்டுக. கையிற் புண்ணுடையோர் சமையலில் ஈடுபடலாகாது. நோய் தோன்றின், மிச்ச உணவைக் கொட்டிப் பாத்திரங் கழுவிவிடுதல் நம் வழக்கம். அதனோடு சான்றும் கழுவப்படுகின்றது. மிச்சத்தைத் தூய பாத்திரத்தில் மூடிக் குளிரில் வைத்து, சுகாதார வைத்திய அதிகாரிக்கோ பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கோ உடன் அறிவித்தல் நம் கடன். அனுப்பப்படாத மாதிரியை எந்த ஆய்வுகூடமும் சோதிக்க இயலாது. மிச்சமான அவ்வொருபிடிச் சோறே, அடுத்த பந்தியில் அமரும் குழந்தைக்குக் காப்பாகும்.