கோடு நிறைய, வேகம் குறைய: ஏன்?

கிளிநொச்சியில் ஏ9 வீதியை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் வீடொன்று. கூரைக்கு மேலே குழாய், அதன் நுனியில் அன்டெனா. ஒருவர் அதைத் திருப்ப, கீழே நிற்பவர் ரவுட்டரைப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் வலப்பக்கம்!" என்று கத்துகிறார்.

அவர் எண்ணுவது ரவுட்டரின் சிக்னல் கோடுகளை என்றால் பாதி உழைப்பு வீண்.

ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் இரண்டு எண்கள் உண்டு. ஆர்எஸ்ஆர்பி, கைபேசிக் கோபுரத்துச் சிக்னலின் பலம். மைனஸ் 80 நல்லது, மைனஸ் 110 மோசம். 3 டெசிபெல் ஏறினாலே வலு இரட்டிப்பாகும். எஸ்ஐஎன்ஆர், இரைச்சலைவிடச் சிக்னல் எவ்வளவு ஓங்கி நிற்கிறது என்பது. 20ஐத் தாண்டினால் கொண்டாட்டம். பூச்சியத்தை நெருங்கினால் வீடியோ சுற்றிக்கொண்டே இருக்கும்.

வற்றாப்பளைப் பொங்கல் கூட்டத்தில் நண்பர் காதருகே கத்தினாலும், ஒலிபெருக்கிகளுக்கு நடுவே சொல் விளங்காது. குரல் பலம்தான், இரைச்சலும் பலம். வன்னி சமதரை என்பதால் தூரத்துக் கோபுரங்களும் இப்படிக் குறுக்கிடலாம். அன்டெனாவைச் சற்று விலக்கினால் பலம் 2 டெசிபெல் குறைந்து, தெளிவு 6 கூடுவதும் உண்டு. அந்தப் பேரம் இலாபமே!

ஒவ்வொரு தடவையும் சில பாகை மட்டும் திருப்பி, அரை நிமிடம் பொறுத்து, எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஈர இலைகள் சிக்னலை உறிஞ்சும்; மார்கழி மழையில் ஒருமுறை மறுபடி அளந்து பாருங்கள்.