வெள்ளிக்கு ஒரு காப்பு

ஒளி உலோகத்தின்மீது படும்போது அதிலுள்ள எலக்ட்ரான்கள் அலையென ஊசலாடுகின்றன; அவ்வாற்றலில் ஒரு பகுதி வெப்பமாகி வீணாகிறது. கண்ணுக்குப் புலனாகும் ஒளியில் இவ்விழப்பு மிகக் குறைந்த உலோகம் வெள்ளியே. ஆயினும், காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் அதனைக் கருக்கச் செய்யும். பொன் கருக்காது, ஆனால் நீல ஒளியை உறிஞ்சிவிடும். அதனாலேயே அது மஞ்சளாகத் தோன்றுகிறது.

திருப்பெரும்புதூரில் 2000ஆம் ஆண்டில் உற்பத்தியைத் தொடங்கிய செயின்ட் கோபைன் ஆலை, கட்டடங்களுக்கான மேற்பூச்சுக் கண்ணாடிகளையும் உருவாக்குகிறது. வெப்பம் தடுக்கும் வெள்ளிப்பூச்சுக் கண்ணாடிகளில், ஏறத்தாழ 10 நானோமீட்டர் தடிமனுள்ள வெள்ளிப் படலம் ஆக்சைடு, நைட்ரைடு அடுக்குகளுக்கிடையே பொதியப்படுகிறது. அப்படலம் வெளிச்சத்தை உள்ளே விட்டு, அகச்சிவப்புக் கதிர்களைத் திருப்பியனுப்புகிறது. நுண்சில்லுகளில் ஒளியைச் செலுத்த முனையும் நானோ ஒளியியலும் வெள்ளி கருக்காதிருக்க இத்தகைய காப்பையே நாடுகிறது.