மோட்டார் பேசுகிறது, கேளுங்கள்!

வேலூரில் இருந்து திருவண்ணாமலை போகும் சாலையில் இருக்கிறது கணியம்பாடி. சுற்றிலும் கிணற்றுப் பாசனம்.

மாடு பூட்டிக் கவலை இறைத்த காலம் மலையேறிவிட்டது. இப்போது தண்ணீர் இறைப்பது மோட்டார்தான். அது படுத்துவிட்டால் பயிர் வாடும்.

ஆனால், திடீர் என்று அது படுப்பது இல்லை. பெரும்பாலும் முன்கூட்டியே சத்தம் போட்டுச் சொல்லும். அந்தச் சத்தம் நமக்குப் புரியவேண்டும்!

ரீங்காரம் ஏன்?

சாலை ஓரத்து டிரான்ஸ்பார்மரைப் பாருங்கள். அதன் மையத்தில் சுழலும் பாகம் எதுவும் இல்லை. ஆனாலும் "உம்" என்று ரீங்காரம் கேட்கிறது. எப்படி?

உள்ளே இரும்புத் தகடுகளை அடுக்கி இருக்கிறார்கள். இரும்பு காந்தமாகும்போது அதன் நீளம் துளியினும் துளியாக மாறும். நம் நாட்டு மின்சாரத்துக்கு விநாடிக்கு 50 சுற்று. ஒரு சுற்றில் இரும்பு 2 தடவை காந்தம் ஆகிறது. ஆகவே, தகடுகள் விநாடிக்கு 100 தடவை துடிக்கின்றன. அதுதான் ரீங்காரம்!

சத்தம் சீராக இருந்தால் பயம் இல்லை. படபட என்று வெடித்தால் கிட்டே போகாதீர்கள். மின்சார வாரியத்துக்குச் சொல்லுங்கள்.

நான்கு குரல்கள்

சுவிட்சைப் போட்டதும் மோட்டார் சுற்றாமல் உறுமுகிறதா? மூன்று பேசில் ஒன்று வராமல் இருக்கலாம். உடனே நிறுத்துங்கள். தாமதித்தால் காயில் கருகிவிடும். மறுபடி காயில் கட்டப் பணம் வேண்டும்.

கரகர என்கிறதா? பேரிங் தேய்ந்து இருக்கலாம். கிரீஸ் வற்றியும் இருக்கலாம்.

பம்புக்குள் சரளைக்கல் உருள்வதுபோல் கேட்கிறதா? கிணற்றில் தண்ணீர் இறங்கி, பம்பு இழுக்கத் திணறுகிறது. அப்போது நீரில் குமிழிகள் தோன்றி உடையும். அந்த அடி, உள்ளே சுழலும் சக்கரத்தை அரித்துவிடும்.

மோட்டாரே ஆடுகிறதா? அடித்தளத்துப் போல்ட்டு தளர்ந்து இருக்கும். அல்லது மோட்டாரும் பம்பும் ஒரே நேர்கோட்டில் இல்லை.

திருப்புளி வைத்தியம்

அனுபவம் உள்ள மெக்கானிக், திருப்புளியின் நுனியைப் பேரிங் மூடியில் வைப்பார். கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்பார். டாக்டர் நெஞ்சுத் துடிப்பைக் கேட்பது போலத்தான்!

பெரிய மின்சார நிலையங்களில் அதிர்வை அளக்கக் கருவிகள் உண்டு. ஆனால், அளந்தால் மட்டும் போதாது. நிறுத்தவும் வேண்டும்.

75 உயிர்கள்

ரஷியாவின் சைபீரியாவில், யெனிசெய் ஆற்றின் மீது ஒரு மாபெரும் நீர்மின் நிலையம். 2009-ம் ஆண்டு ஆகஸ்டு 17-ந் தேதி, அங்கே 2-வது எந்திரத்தின் மூடி பிய்த்துக்கொண்டு கிளம்பியது. வெள்ளம் உள்ளே பாய்ந்தது. 75 பேர் மாண்டார்கள்.

என்ன காரணம்? அந்த எந்திரம் முன்பே அளவுக்கு மீறி அதிர்ந்துகொண்டு இருந்தது. மூடியைப் பிடித்திருந்த போல்ட்டுகளில் விரிசல் விழுந்து இருந்தது. அப்படியும் அதை ஓட்டினார்கள்!

கிணற்று மோட்டார் சிறியதுதான். ஆனால், பாடம் ஒன்றே. குரல் மாறினால், "இந்த ஒரு மடை பாய்ந்து முடியட்டும்" என்று காத்திருக்காதீர்கள். முதலில் நிறுத்துங்கள். பியூசைப் பிடுங்குங்கள். பிறகு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.