கருகிய மலை எப்படித் துளிர்க்கிறது?

சங்கரன்கோவிலுக்கு மேற்கே சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி மலைகளில் கோடைதான் காட்டுத்தீக் காலம். பெரும்பாலும் மனிதர் வைக்கும் நெருப்பே காரணம். சரிவு முழுக்கக் கரியானாலும், நல்ல மழை விழுந்தால் சில நாட்களிலேயே பச்சை பிடிக்கிறது. எப்படி?

முதல் காவல் மண். அது வெப்பத்தை எளிதில் கடத்தாது. மேலே புல் எரிந்தாலும், சில சென்டிமீட்டர் ஆழத்தில் சூடு அதிகம் ஏறுவதில்லை. புல்லின் வளரும் நுனி தூருக்குள் மண்ணை ஒட்டியே இருப்பதால், மழை பட்டதும் புதுத் தாள் விடுகிறது. செங்காந்தள் கோடையில் தண்டு காய்ந்து, மண்ணுக்குள் கிழங்காக மட்டும் உயிரோடிருக்கும். மேலே போகும் தீ அதைத் தொடுவதில்லை.

மரத்துக்குக் காவல் பட்டை. அதன் கீழே கேம்பியம் என்ற மெல்லிய வளர்திசு இருக்கிறது. அது வெந்துபோனால் அந்தத் தண்டு பிழைக்காது. பட்டையின் தடிமன் இரு மடங்கானால், சூட்டைத் தாங்கும் நேரம் ஏறக்குறைய நான்கு மடங்காகும். தேக்கங்கன்று தண்டு கருகினாலும் அடிக்கட்டையிலிருந்து மறுபடி தழைக்கும். அதற்கான உணவு வேரில் மாவுச்சத்தாகச் சேர்ந்திருக்கிறது.

பனையின் வழி வேறு. நீரும் உணவும் செல்லும் குழாய்கள் தண்டு முழுவதும் பரவியிருப்பதால், வெளிப்புறம் கருகினாலும் உச்சிக் குருத்து தப்பினால் மரம் பிழைத்துக்கொள்ளும்.

விதைகளுக்கும் தீ சில சமயம் உதவுகிறது. கெட்டியான விதையுறை சூட்டில் விரிசல் விட்டால் நீர் உள்ளே இறங்கும். புகையிலுள்ள ஒரு வேதிப்பொருள் சில விதைகளின் உறக்கத்தைக் கலைப்பதை 2004-இல் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் கண்டறிந்தார்கள்.

ஆனால், பச்சை தெரிந்தவுடன் காடு மீண்டுவிட்டதாக நினைக்கக் கூடாது. வருடா வருடம் எரிந்தால் வேரிலுள்ள சேமிப்பு தீரும். கன்றுகளின் பட்டை தடிப்பதற்குள் அடுத்த தீ வந்துவிடும். உண்ணிச்செடி போன்ற அயல் புதர்களும் வேகமாகத் துளிர்த்து அந்த இடத்தைப் பிடிக்கும். மலையுச்சியின் சோலைக்காட்டு மரங்களுக்குப் பட்டை மெல்லியது. அங்கே ஒரு தீ பல பத்தாண்டு வளர்ச்சியை அழித்துவிடும்.

ஆகவே எரிந்த சரிவில் முதல் சில மழைக்காலங்களுக்கு ஆடு மாடு மேய விடக் கூடாது. வெளியிலிருந்து கன்று கொண்டுவந்து நடும் முன், எந்தத் தூர் தானாகத் தளிர்க்கிறது என்று பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அடுத்த கோடையில் அங்கே யாரும் நெருப்பு வைக்காமல் காக்க வேண்டும்.